இல்லை மிஸ்

எங்கள் கந்தோரில் அவருக்கு வைத்த பெயர் ‘இல்லை மிஸ்’. அதை முதலில் சொன்னது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அந்த நாட்களில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கமக்காரர் அமைப்பின் கந்தோர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். குளக்கட்டுக்குக் கீழே இரண்டு அறை, ஒரு அலுமாரி, கால் ஆடும் கதிரைகள் நாலைந்து, தலைவர் ஒருவர், எழுதுவினைஞன் நான். இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்து, பற்றை வெட்டி, தங்கள் வயல் எது என்று கண்டுபிடித்து, இரண்டு மூன்று போகம் விதைத்த பிறகு ஒரு வெளிநாட்டுத் திட்டம் எங்கள் பக்கம் வந்தது. தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைக் குளத்துக்குள் இறக்கினார்கள். கந்தோரில் ஒரு கணினியை வைத்து, அதைச் சேர்வர் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். கருவி அனுப்பும் அளவை அது வாங்கிப் பதிந்து வைக்கும். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று கமக்காரரின் கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்பும். அதிகாரிகள் வந்தால் நிறம் நிறமாக வரைபடம் காட்டும். தலைவர் அதற்கு ஒரு பூமாலை போட்டுத் திருநீறும் பூசினார்.

அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் அவர். மன்னார்த் தீவுக்குள் ஒரு கடற்றொழில் குடும்பத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். காலை பஸ்ஸில் பாலம் தாண்டி வருவார். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. அதற்குள் எப்போதும் மீன். எங்கள் தலைவர் சைவம். மத்தியானம் அந்தப் பெட்டி திறக்கிற நேரம் பார்த்துத் தலைவருக்கு வயல் பார்க்கப் போக வேண்டி வந்துவிடும்.

வந்த முதல் நாள் தலைவர் கேட்டார்.

“ஒரு கிழமைக்குள்ள எல்லாம் சரிவந்திடும்தானே மிஸ்?”

“இல்லை.”

“அப்ப எப்ப?”

“தெரியாது ஐயா. பாத்திட்டுச் சொல்லுறன்.”

தலைவரின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் நடக்கவே நடக்காத காரியத்துக்கும் “ஓம், பாப்பம்” என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது மரியாதை. ஐந்தாம் நாள் எல்லாம் ஓடத் தொடங்கியது. “அப்ப ஏனம்மா அண்டைக்கு இல்லை எண்டனீங்கள்?” என்று தலைவர் கேட்டார். “அண்டைக்கு எனக்குத் தெரியாதே” என்றார் அவர். இதிலே சண்டை பிடிக்கவும் ஒன்றுமில்லை, சிரிக்கவும் ஒன்றுமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆண்டுதான் எங்களுக்கு வீட்டுத்திட்ட வீடு முடிந்தது. குடிபூரலுக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். எல்லாரும் “ஓம் ஓம், கட்டாயம் வாறம்” என்றார்கள். இவர் மட்டும், “வாறன் எண்டு சொல்லமாட்டன் அண்ணை. பஸ் இருந்தால் வருவன்” என்றார். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. “வாய்க்கு ஒரு ஓம் கூட வராதோ அந்தப் பிள்ளைக்கு” என்றாள். அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. நூறு பேர் வருகிறோம் என்றால் அறுபது பேருக்குச் சமைப்பாள். அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. அன்றைக்குப் பிழைத்தது. சொன்னவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சிலர் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசிப் பந்திக்குச் சோறும் இரசமும்தான் மிச்சம். அந்தப் பந்தியில் அவரும் இருந்தார். அப்பளம் ஒன்று கேட்டார், அதுவும் முடிந்துவிட்டது. மனைவி அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இதற்குச் சில நாட்கள் கழித்து, நல்ல மழைக்காலத்தில், எங்கள் சேர்வர் மூன்று நாட்களாகக் குளத்தில் ஒரே மட்டத்தைக் காட்டியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளியே மழை கொட்டுகிறது. திரையில் மாற்றமில்லை. தலைவருக்கோ சந்தோஷம், குளம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று. மூன்றாம் நாள் குளக்கட்டுக்குப் போனவன் ஓடி வந்து குளம் நிரம்பி வான் பாயப் போகிறது என்ற பிறகுதான் எங்களுக்கு விளங்கியது, திரையில் நின்றது பழைய அளவு என்று.

“நிப்பாட்டிப் போட்டுத் திருப்பிப் போட்டால் சரியா வரும்” என்றார் தலைவர். அது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அவர் கேட்கவில்லை. கணினி தனக்குள் எழுதி வைத்திருந்த குறிப்புகளை வரி வரியாக வாசித்துக்கொண்டு மத்தியானம் வரை இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, எல்லா மென்பொருளுக்கும் அடியில கேர்னல் எண்டு ஒண்டு இருக்கு. ஆருக்கு எவ்வளவு நினைவகம் எண்டு பிரிச்சுக் குடுக்கிறது அதுதான். அது உங்கட வீட்டு அக்காவை மாதிரி.”

“எப்பிடி?”

“கேக்கிற எல்லாருக்கும் ஓம் எண்டிடும். கேட்டவை கேட்ட அளவுக்குப் பாவிக்கமாட்டினம் எண்டு ஒரு நம்பிக்கை. எல்லாரும் ஒண்டா வந்து பந்தியில குந்தினால் காணாது. அப்ப என்ன செய்யும் தெரியுமோ? சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒராளைப் பாத்து எழுப்பி விட்டிடும். பெரும்பாலும் ஆர் கூடச் சாப்பிடுறாரோ அவரை.”

“கையைக் கழுவ விடாமலோ?”

“கையைக் கழுவ விடாமல். அண்டைக்கு எழுப்பி விட்டது அளவைப் பதியிற ஆளை. வரைபடம் போடுறவருக்கு இடம் போதாமப் போச்சு, அதுக்காக.”

எனக்கு உடனே விளங்கியது. ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தின சிறுபோகத்தில், மழையில்லாத கோடைப் போகத்தில், என்னையும் அப்படித்தான் எழுப்பிவிட்டார்கள். என் இரண்டு ஏக்கர் வயல் கடைசி வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அந்தப் போகக் கூட்டத்தில் கமக்காரர் எல்லாரும் விதைக்கப் போவதைவிடக் கூட்டிக் கேட்டார்கள். கேட்பதில் பாதியைத்தான் தருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மேடையில் இருந்தவர்களும் குளத்தில் இருப்பதைவிடக் கூட்டித்தான் கொடுத்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் விதைக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முறை எல்லாரும் விதைத்தோம். என் நெல் குடலைப் பருவத்தில் நிற்க, வாய்க்கால் காய்ந்தது. கதிர் வெளியே வராமலே வைக்கோலாகப் போனதை மாட்டுக்கு அறுத்துப் போட்டேன்.

அன்று பின்னேரம் அவர் கேர்னலின் அமைப்புகளை மாற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரிய வேலையாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு கோப்பில் ஆங்கிலத்தில் நாலு வரி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு இலக்கம். முதலாவது வரி, இனிமேல் இருக்கிறதுக்கு மேல் ஒருவருக்கும் ஓம் சொல்லாதே என்பது. இரண்டாவது, இருப்பதிலும் எண்பது வீதம்தான் கொடு, மிச்சத்தைக் கையில் வை என்பது. மற்ற இரண்டும் பிழை வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியவை. கேர்னலே தடுமாறினால் நொண்டிக்கொண்டு ஓடக் கூடாது. அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நின்று பத்து விநாடி கழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“முந்தி இந்தப் பத்து இருக்கிற இடத்தில என்ன இருந்தது?” என்று கேட்டேன்.

“பூச்சியம். பூச்சியமெண்டால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், ஆரும் வந்து எழுப்பும்வரைக்கும். எங்களிட்டை ஆர் இருக்கினம், சனி ஞாயிறு வந்து எழுப்ப?”

“பத்து ஏன்?”

“காணும் அண்ணை. என்ன நடந்ததெண்டு எழுதி வைக்க அவ்வளவு நேரம் காணும்.”

அடுத்த மாதம் திட்டத்து அதிகாரிகள் வந்தார்கள். வரைபடம் திறக்கவில்லை. நினைவகம் போதாது என்று திரையில் ஒரு வரி. தலைவருக்கு வியர்த்துவிட்டது. அதிகாரிகளில் ஒருவர், முந்தி திறந்ததே என்றார். “முந்தி திறந்தது ஐயா, அதுக்காக வேற ஒண்டைக் கொண்டது. இப்ப இடம் இல்லையெண்டால் இல்லையெண்டு முதலே சொல்லும். நீங்கள் திறந்து வைச்சிருக்கிற அந்த மூண்டு படத்தையும் மூடினால் இது திறக்கும்” என்றார் இவர். மூடினார்கள், திறந்தது. போகும்போது ஒருவரும் இவரைப் பாராட்டவில்லை. இவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மீன் பெட்டியைத் திறந்துகொண்டு குந்திவிட்டார்.

அந்தப் பத்து விநாடி அவருக்கும் இருந்தது. கணினிக்கு அவர் கொடுத்தாரா, கணினியிலிருந்து எடுத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை மூன்றாம் வாய்க்காலுக்கான தண்ணீர் நேரத்தை நாலாம் வாய்க்கால்காரருக்கு அனுப்பிவிட்டார். தெரிந்தவுடன் கையை மேசையில் வைத்து, கண்ணை மூடி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பத்தாவது விரல் மடங்கியதும் எல்லாருக்கும் இரண்டாவது தகவல் போனது. ‘முந்திய தகவல் பிழை. பிழை என்னுடையது. சரியான நேரம் இது.’ தலைவருக்குக் கோபம். “சரியானதை மட்டும் அனுப்பியிருக்கலாம்தானே மிஸ். பிழை எண்டு ஏன் நாங்களே சொல்லுவான்?”

“முதல் வந்ததை நம்பிப் போனவர் எதை நம்புறதெண்டு தெரியாமல் நிப்பார் ஐயா.”

அப்படிப்பட்டவரிடம்தான் அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு, இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கணக்குக் கேட்டார்கள். இப்போது நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. சொல்லாமல் விட எனக்கும் விருப்பம்தான்.

கூட்டத்தன்று காலை அவர் கணக்குத் தாளை என்னிடம் தந்தார், அறிக்கைப் புத்தகத்தில் படியெடுக்க. மேலே முதல் வரி, ‘நீர்மட்டம்: ஆறடி’. எனக்குப் பார்த்தவுடனே தெரியும், அது பிழை. குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் அடி குறித்த ஒரு கல்தூண் நிற்கிறது. துருசின் வாசலிலிருந்துதான் அதில் அடி தொடங்கும். கருவி வந்த பிறகு அதை ஒருவரும் பார்ப்பதில்லை. திரை எங்களை ஏமாற்றிய அந்த மழைக்குப் பிறகு நான் மட்டும் திரும்பப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அன்று காலை சைக்கிளில் வரும்போது அதில் நாலடி நின்றது. திட்டக்காரர் கருவியைக் குளத்தின் ஆழமான பள்ளத்தில் இறக்கியிருந்தார்கள். அது துருசுக்குக் கீழே கிடக்கும் இரண்டடியையும் சேர்த்து அளந்தது. அந்த இரண்டடி எருமைக்கும் கொக்குக்கும் உரிய தண்ணீர். எந்த வாய்க்காலுக்கும் வராது. எங்கள் பக்கத்துக் கமக்காரன் எவனுக்கும் இது தெரியும். கடற்கரையில் வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்? அவர் தண்ணீரைத் தண்ணீர் என்று கணக்குப் பார்த்துவிட்டார்.

ஆறடி என்றால் கடைசி வாய்க்கால் வரை விதைக்கலாம். என் இரண்டு ஏக்கரும் சேரும். நாலடி என்றால் எனக்கு இரண்டு வாய்க்கால் மேலேயே கோடு நின்றுவிடும். வீட்டில் விதைநெல் மூட்டை கட்டி வைத்திருந்தது. நான் ஆறடி என்பதை நல்ல வடிவான கையெழுத்தில் படியெடுத்தேன்.

கூட்டத்தில் அவர் ஏக்கர்க் கணக்கை மட்டும் சொன்னார். கடைசி வாய்க்காலுக்கு அப்பால் வெட்டிய புதுக் காணிக்குக் காணாது என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். கந்தோர் எதைச் சொன்னாலும் அதில் பாதியை ஒளித்து வைத்திருக்கும் என்று நம்புவது எங்கள் சனத்தின் வழக்கம். கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். “இல்லை” என்றார். திரும்பவும் கேட்டார்கள். “இல்லை.” மத்தியானம் வரை இழுபட்டு, கடைசியில் எல்லாரும் சலித்துப்போய் ஒத்துக்கொண்டார்கள். கையெழுத்து வைப்பதற்கு முன்பு தேநீரும் பணிஸும் வந்தன. அவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து குந்தினார்.

“அண்ணை, ஒரு கேள்வி. போன ஆவணியில வாய்க்கால் எல்லாம் காஞ்சு கிடக்கேக்க, எருமையள் குளத்துக்குள்ள தண்ணியில படுத்துக் கிடந்தது. பஸ்ஸில இருந்து கண்டனான். அது என்ன தண்ணி?”

நான் பணிஸைக் கடித்தேன். வாயில் சாப்பாட்டுடன் பேசக் கூடாது என்று சின்ன வயதில் படித்திருக்கிறேன். அன்றைக்குப் போல அதை நான் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. மென்றேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

“அது துருசுக்குக் கீழ நிக்கிற தண்ணி தங்கச்சி. வெளியில வராது.”

“எத்தினை அடி?”

“ரெண்டு.”

தேநீரைக் கீழே வைத்தார். விரல்கள் மடங்கத் தொடங்கின. பத்தும் மடங்கியதும் எழுந்து முன்னுக்குப் போனார்.

“கொஞ்சம் நில்லுங்கோ. நான் சொன்ன கணக்குப் பிழை. துருசுக்குக் கீழ நிக்கிற தண்ணியையும் சேத்துப் போட்டன். பிழை என்னுடையது. நாங்கள் முதலில இருந்து தொடங்கவேணும்.”

அந்தச் சத்தத்தை விவரிக்க என்னால் முடியாது. தலைவர் அவருக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, “விடுங்கோ மிஸ், ஒரு மழை பெய்தால் எல்லாம் சமன்” என்றார். “இல்லை ஐயா. பெய்யாட்டில் குடலையில நிக்கேக்க ஆரை எழுப்பி அனுப்புவியள்?” என்றார் இவர். தலைவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் குனிந்து தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்ப என்னதான் செய்கிறது என்று ஒருவர் கத்தினார். “அது எனக்குத் தெரியாது. எவ்வளவு தண்ணி எண்டு மட்டும்தான் நான் சொல்லலாம்” என்று சொல்லிவிட்டு அவர் கதிரையில் குந்திவிட்டார். பிறகு மேல்வாய்க்காலில் ஐந்து ஏக்கர் வைத்திருந்த பெரியவர் ஒருவர் எழும்பினார். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் துருசடி வயல்களை மட்டும் விதைத்து, அதில் எல்லாருக்கும் பங்கு பிரிக்கும் வழக்கம் எங்கள் குளத்தில் இருந்தது. இடம்பெயர்ந்த பிறகு அது விட்டுப்போயிருந்தது.

“போன முறை எல்லாருக்கும் ஓம் எண்டு போட்டு, பிறகு வாய்க்கால் கட்டில மண்வெட்டியோட அடிபட்டனாங்கள். இந்த முறை இல்லை எண்டு முதலே தெரிஞ்சு போச்சு. பங்கு போடுவம். என்ர அஞ்சில ரெண்டரையை விடுறன்.”

பிறகு ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். எனக்கு அந்தப் பெரியவரின் வயலிலேயே அரை ஏக்கர் கிடைத்தது. அந்தச் சிறுபோகம் மழை பெய்யவில்லை. ஆனால் விதைத்த வயல் ஒன்றும் காயவில்லை. துருசடி மண் நல்ல மண். என் அரை ஏக்கர் நான் நினைத்ததைவிட நன்றாக விளைந்தது. மனைவி புது அரிசியில் பொங்கி அவருக்கும் அனுப்பினாள்.

சந்தோஷமான போகம்தான், ஒன்றைத் தவிர. ஊரில் பகிடி தொடங்கிவிட்டது. “கடல்காரப் பிள்ளைக்குக் குளம் எங்க விளங்கப் போகுது. உப்புத்தண்ணியெண்டால் சரியாச் சொல்லியிருக்கும்” என்று தேநீர்க்கடையில் சிரிப்பார்கள். இரண்டு முறை நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் முறை அவரே கடைக்கு வந்திருக்கும்போது சொன்னார்கள். “ஓம், எனக்குத் தெரியாமல்தான் போச்சு” என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். நான் என் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். தெரியாமல் பிழை விட்டவர் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். தெரிந்து பிழை விட்டவன் வடிவான கையெழுத்துடன் இருக்கிறேன்.

அறிக்கைப் புத்தகம் என் பொறுப்பில்தான் இருந்தது. அந்தக் கூட்டத்து அறிக்கையின் கடைசியில் ஒரு பந்தி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் அதில் எழுதினேன். பெரும்போகக் கூட்டத்தில், வழக்கம்போல, முந்திய கூட்டத்தின் அறிக்கையை எழும்பி நின்று வாசிக்க வேண்டியவனும் நான்தான். வாசித்தேன். நான் எழுதிச் சேர்த்த கடைசிப் பந்திக்கு வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

“‘நீர்மட்டம் பிழையாகக் குறிக்கப்பட்டிருப்பது எழுதுவினைஞருக்கு அன்று காலையிலேயே தெரிந்திருந்தது. தனது வயலும் சேர்ந்துவிடும் என்பதால் அவர் அதை வெளியே சொல்லவில்லை. கணினி அலுவலர் கேட்டவுடன் உண்மையைக் கூறினார்.’”

தலைவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“அறிக்கையில திருத்தம் ஏதும் இருக்கோ?”

மூலையில் இருந்து ஒரு கை உயர்ந்தது. அவருடைய கை.

“ஒரு திருத்தம் இருக்கு ஐயா. அண்ணை கேட்டவுடன சொல்லேல்லை. பணிஸ் முழுக்கச் சாப்பிட்டு முடிச்சுப் போட்டுத்தான் சொன்னவர்.”

முதலில் சிரித்தது மேல்வாய்க்கால் பெரியவர். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. என் முகம் சுட்டது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் நிற்கும்போது எனக்கு வந்த ஆறுதலைப் போல ஒன்று அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ‘கேட்டவுடன்’ என்பதை வெட்டி, ‘கேட்டுச் சிறிது நேரம் சென்றபின்’ என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்து வைத்தேன். பெரியவர் முன்மொழிந்தார், அவருடைய மருமகன் வழிமொழிந்தார், திருத்தத்துடன் அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவர் இன்னும் ஒரு ஆண்டு எங்களுடன் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய பகிடி நின்றுபோய், என்னைப் பற்றியது தொடங்கியது. இத்தனை ஆண்டாகியும் நிற்கவில்லை. இன்றைக்கும் கூட்டத்தில் தேநீருடன் பணிஸ் வந்தால், என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றையும் கேட்டு, மறுமொழியும் வாங்கிய பிறகுதான் தட்டை என் பக்கம் நீட்டுகிறார்கள்.